சின்னுவோட எண்ணெய் ரோடு

பிப்ரவரி 4

சின்னு,

இங்க நாங்க மூணு பேரும் உடம்புக்கு ஒண்ணும் இல்லாம இருக்கோம். உன் மாமாவுக்கு இடுப்புப் பிடிப்பு மட்டும் அப்பப்ப வந்து எட்டிப் பார்த்துட்டுப் போகுது. உன் இருமல் நின்னுச்சா? ஜன்னலைத் திறந்து வெச்சுட்டுத் தூங்காதேன்னு அம்மா சொல்றாங்க. அவங்க சொன்னதை எழுதிட்டேன், என் கடமை முடிஞ்சுது.

போன்ல பேசக் கூடாதான்னு கேட்காதே. போன்ல நீ மூணாவது நிமிஷமே "அக்கா, மீட்டிங்"னு வெச்சிடுவ. கடிதம்னா கடைசி வரைக்கும் படிச்சுத்தானே ஆகணும், அதான்.

உன் பேட்டி வந்த பேப்பர் கிடைச்சுது. கண் ஆபரேஷனுக்கு அப்புறம் அம்மாவுக்குச் சின்ன எழுத்து தெரியறதில்ல, அதனால படிச்சுக் காட்டற வேலை எனக்கு. நாலு தடவை படிக்க வெச்சாங்க. பக்கத்து வீட்டு டெய்லர் அம்மா வந்ததும் அஞ்சாவது தடவை. "தாருக்குப் பதில் தாவர எண்ணெய்: சாதிக்கும் இளம் விஞ்ஞானி." இளம்னு போட்டிருக்காங்க. உனக்கு முப்பத்தாறு முடிஞ்சதை அவங்களுக்கு யார் சொல்றது?

போட்டோவுல வெள்ளைக் கோட்டு நல்லா இருக்கு. நானும் ரோட்டுக் கலவை பிளான்ட்ல கோட்டு போட்டுக்கிட்டுத்தான் நிக்கறேன். ஆரஞ்சு கலர், முன்னாடி பூரா தார்க் கறை. என்னை யாரும் போட்டோ எடுக்க வரலை.

ஒரே ஒரு சந்தேகம். "ஒரு நாள் வாணலி தேய்த்துக்கொண்டிருந்தபோது, அடியில் எண்ணெய் காய்ந்து பிசின் போல ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். இதைச் சாலையில் போட்டால் என்ன என்று தோன்றியது"ன்னு சொல்லியிருக்க. நீ என்னைக்குடி வாணலி தேச்ச? இந்த வீட்டுல நீ ஒரு டம்ளர் கழுவி நான் பார்த்ததில்ல. சும்மாத்தான் கேட்கறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. பதில் போடு.

உன் அக்கா


பிப்ரவரி 17

அக்கா,

இருமல் ஓடிப்போச்சு, இப்ப தூக்கம்தான் வர மாட்டேங்குது, அதுவும் சந்தோஷத்துல. மாமாவைக் குனிஞ்சு எதையும் தூக்க வேண்டாம்னு சொல்லு. அம்மாவுக்குச் சொட்டு மருந்து நேரம் தவறாம ஊத்தறியா?

உட்கார்ந்துக்கிட்டுப் படி. எங்க ஆராய்ச்சி மையம் பரிசோதனை ரோடு போட இடம் தேடிக்கிட்டிருந்தாங்க இல்ல, அது உங்க ஊர்தான்! தண்ணித் தொட்டியில இருந்து பஸ் டிப்போ வரைக்கும், நானூறு மீட்டர். கலவை தயாராகப் போறது உன் பிளான்ட்ல. என் எண்ணெய், உன் கையில. நான் இங்க குதிச்ச குதியில கீழ் வீட்டுக்காரர் மாடி ஏறி வந்துட்டார்.

உனக்குத் தெரியும், ஆனா நீ அம்மாவுக்குப் படிச்சுக் காட்டுவியே, அவங்களுக்காக எழுதறேன். அம்மா, ரோட்டுல ஜல்லியை ஒண்ணோட ஒண்ணு பிடிச்சு வெக்கறது தார். அது பூமிக்கடியில இருந்து வர்ற கச்சா எண்ணெயோட கடைசி வண்டல். நான் அதுக்குப் பதிலா விதை எண்ணெயைக் காய்ச்சி, மரப்பிசின் கலந்து ஒரு பசை பண்ணியிருக்கேன். இது வயல்ல விளையறது, வருஷா வருஷம் கிடைக்கும். தாரை நூத்தி அறுபது டிகிரிக்குச் சூடு பண்ணணும், இதுக்கு நூத்திப் பத்து போதும். அக்கா மாதிரி ஆளுங்க நாள் பூரா புகையை முழுங்க வேண்டாம்.

அக்கா, இப்ப உனக்கு. நான் லேப்ல எட்டு கிலோ கலவையைச் சட்டியில போட்டுக் கிளறினவ. ரோடு போடற இடத்துல ஒரு நாள்கூட நின்னதில்ல. உங்க ஆளுங்க கைப்பழக்கமா, எந்தக் காகிதத்துலயும் எழுதாம, ஏதாவது செய்வாங்களா? ஒண்ணுமில்லாத விஷயமா இருந்தாலும் பரவாயில்ல, எழுது. அதுதான் எனக்குப் பயம்.

டின்ல கொஞ்சம் எண்ணெய் அனுப்பறேன், பழகிப் பார். அம்மாவுக்கு முத்தம். நீ வெயில்ல தொப்பி இல்லாம நிக்காதே.

சின்னு


மார்ச் 5

சின்னு,

எல்லாரும் சௌக்கியம். மாமாவோட இடுப்பு தேவலை. சொட்டு மருந்து ஒரு நாளைக்கு நாலு தடவை, மூணு மாசமா நான்தான் ஊத்திக்கிட்டிருக்கேன். அதைப் பத்தி நீ கவலைப்படாதே.

நீ எழுதறதுக்கு முன்னாடியே விஷயம் பிளான்ட்டுக்கு வந்துடுச்சு. பெரிய இன்ஜினியர் எல்லார் எதிரிலயும் "நம்ம சோதனைக்காரம்மாவோட தங்கச்சியாமே!"ன்னார். இருபத்திரண்டு வருஷமா இங்க கலவையைச் சோதிக்கறேன். சூடு பார்த்து, ஜல்லி சலிச்சு, நான் கையெழுத்துப் போட்டாத்தான் லாரி வாசலைத் தாண்டும். அந்த மனுஷன் என் மூஞ்சியைப் பார்த்துச் சிரிச்சது அன்னைக்குத்தான். சிரிச்சது எனக்காக இல்ல.

டின் வந்து சேர்ந்துச்சு. தேன் கலர்ல இருக்கு. மேஸ்திரி மீசைக்காரர் மோந்து பார்த்துட்டு "இதைத் தலைக்குத் தேய்க்கலாம் போலிருக்கே"ன்னார். ஒரே சிரிப்பு. நான் கொஞ்சம் எடுத்துத் தகட்டுல தடவி, ரெண்டு மூணு விதமாப் பார்த்துக்கிட்டிருக்கேன். நல்லாத்தான் பண்ணியிருக்க. ஒத்துக்கத்தான் வேணும்.

அம்மா தெருவுல ஒருத்தரை விடலை. "என் சின்னவ ரோடு நம்ம ஊருக்கே வருது." காய் வாங்கப் போனா காய்க்காரர்கிட்ட, மருந்து வாங்கப் போனா மருந்துக்கடையில. இந்த ஊர்ல நாலுல ஒரு ரோடு நான் சோதிச்சு அனுப்பின கலவைதான். அதுல நடந்துதான் அவங்க காய் வாங்கப் போறாங்க.

உன் குறிப்பு வந்ததும் பார்க்கறேன். எல்லாம் நீ எழுதினபடி நடக்கும்.

மழைக்காத்து அடிச்சா காதை மூடிக்கோ.

அக்கா


மார்ச் 13

அக்கா,

நான் சாப்பிடறேன், தூங்கறேன், அம்மா கேட்டா ஒரு சுத்து பெருத்திருக்கேன்னு சொல்லு. உங்க எல்லாரோட உடம்பும் நல்லா இருக்கறது கேட்டு நிம்மதி.

குறிப்பு இதோட வெச்சிருக்கேன், ஆறு பக்கம். சூடு, கலக்கற நேரம், ரோலர் எத்தனை தடவை ஓடணும், எத்தனை நாள் வண்டி விடக் கூடாதுன்னு எல்லாம் இருக்கு. இந்த எண்ணெய் தார் மாதிரி ஆறினதும் இறுகாது, காத்து பட்டுப் பட்டுத்தான் இறுகும். அதை மட்டும் எல்லாருக்கும் புரிய வை.

அம்மாவுக்கு இந்த இடத்தைப் படிக்காதே. எங்க மையத்துல பணம் ஒதுக்கற குழு இந்த ஆராய்ச்சிக்கு மூணு வருஷம் கொடுத்தாங்க, அது ஜூன்ல முடியுது. ரோடு நல்லா வந்தா நீட்டிப்பாங்க. வரலைன்னா மூடிடுவாங்க. மூடினா என்னோட ரெண்டு உதவியாளருக்கும் வேலை கிடையாது, நான் லேப்பை விட்டுட்டு லைப்ரரியில உட்கார்ந்து அடுத்தவங்க கட்டுரைக்கு நம்பர் போடணும். குழுவுல இருக்கற நாலு எதிரிங்க இப்பவே கையைத் தேய்ச்சுக்கிட்டு நிக்கறாங்க.

ரோடு போடற வாரம்தான் குழுவுக்கு முன்னாடி நான் பேசணும், வர முடியாது. தலைவர் கேட்டார், "நீங்க இல்லாம எப்படி?"ன்னு. "எங்க அக்கா இருக்கா, நான் இருக்கறதைவிட நல்லது"ன்னேன்.

போன தடவை கேட்டதுக்கு நீ பதில் எழுதலை, மறந்திருப்ப. காகிதத்துல வராத பழக்கம் ஏதாவது இருக்கா?

மாமாவுக்கு என் வணக்கம். உன் கை வலிக்கு எண்ணெய் தடவிக்கோ, என் எண்ணெய் இல்ல!

சின்னு


மார்ச் 30

சின்னு,

எல்லாரும் நல்லா இருக்கோம். எனக்குக் கொஞ்சம் தலைவலி, வெயில்ல நின்னது. சரியாயிடும்.

இருபத்தேழாம் தேதி உன் ரோடு போட்டாச்சு. பதிமூணு லாரி. சூடு நூத்தி எட்டுல இருந்து நூத்திப் பன்னிரண்டுக்குள்ள நின்னுச்சு. ரோலர் நீ சொன்ன கணக்குதான். புகையே இல்ல. ஆளுங்க மூக்குத்துணியைக் கழட்டி வெச்சுட்டு வேலை செஞ்சாங்க. மீசைக்காரர் "முப்பது வருஷத்துல முதல் தடவையா சாயந்திரம் தொண்டை எரியலை"ன்னார்.

அம்மா டெய்லர் அம்மாவைக் கூட்டிக்கிட்டு வந்துட்டாங்க. கயிறு கட்டின இடத்துக்கு வெளியே நின்னு, போறவர் வர்றவர்கிட்ட எல்லாம் சொல்லி ஒரே அமர்க்களம். பெரிய இன்ஜினியர் அவங்களுக்கு நாற்காலி போடச் சொன்னார். நான் அங்க காலையில இருந்து நின்னுக்கிட்டிருந்தேன். "பெரியவ, சின்னவளுக்கு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு"ன்னாங்க. எடுத்து இதோட வெச்சிருக்கேன். நான் அதுல இல்ல, எடுத்தது நான்தானே.

எழுத வேற ஒண்ணும் இல்ல. குளிர்ந்த தண்ணி குடிக்காதே.

அக்கா


ஏப்ரல் 8

அக்கா, என் செல்ல அக்கா,

உன் தலைவலி போச்சா? நான் தரையில கால் பாவாம திரியறேன்.

போட்டோவைக் குழுவுக்குக் காட்டினேன். கை தட்டினாங்க! அந்த நாலு எதிரிங்களும் தட்டினாங்க, ஒருத்தர் மட்டும் ரெண்டு விரலால. அடுத்த மாநாட்டுக்கு என்னைத்தான் அனுப்பறாங்களாம். பேப்பர்காரங்க மறுபடி வந்தாங்க.

எல்லாம் உன்னாலதான். அம்மா நாற்காலியில உட்கார்ந்திருக்கற அழகை நான் அறைச் சுவர்ல ஒட்டியிருக்கேன். உடம்பைப் பார்த்துக்கோ, அக்கா.

சின்னு


ஏப்ரல் 27

சின்னு,

வீட்டுல எல்லாருக்கும் உடம்பு சுகம்தான். நீ இதைச் சாப்பிட்டுட்டுப் படி.

வண்டி விட ஆரம்பிச்சு மூணு வாரம் ஆச்சு. இந்த வாரம் வெயில் ஏறினதும் உன் ரோட்டுல அங்கங்க மெத்துமெத்துன்னு ஆயிடுச்சு. விரலால அமுக்கினா பள்ளம் விழுது. டிப்போ பக்கம் ஒரு பஸ்ஸோட பின் சக்கரம் ஒரு சாண் நீளத்துக்குப் பதிஞ்சுபோச்சு. பெரிய இன்ஜினியர் உங்க குழுவுக்கு எழுதிட்டார். அவர் வாயால தெரிய வர்றதுக்கு முன்னாடி நான் சொல்லணும்னு எழுதறேன். ரோட்டுல இருந்து துண்டு வெட்டி, இடம் குறிச்ச படத்தோட தனியா அனுப்பறேன்.

முந்தாநாள் அம்மா உன் ரோட்டுல நடக்கணும்னு அடம் பிடிச்சுப் போனாங்க. தொட்டிகிட்ட ஒரு செருப்பு ஒட்டிக்கிச்சு. இழுத்தா வார் அறுந்துபோச்சு. ஒத்தைச் செருப்போட வீட்டுக்கு வந்தவங்க என்ன சொன்னாங்க தெரியுமா? "செருப்புக்கடைக்காரன் ஏமாத்திட்டான்." நான் போட்ட ரோட்டுல ஒரு சின்ன கல்லு பேர்ந்தா "நீ பார்க்கறதில்லையா?"ன்னு கேட்கற அம்மா இவங்கதான். உனக்குன்னா செருப்புக்கடைக்காரன் குத்தம்.

சிரிச்சுட்டேன், சின்னு. அப்புறம் உள்ளே போய் உட்கார்ந்தேன், சிரிப்பு வரலை.

மனசைத் தளர விடாதே. தூக்க மாத்திரை ஒண்ணும் போட்டுக்காதே.

அக்கா


மே 6

அக்கா,

உடம்பு எப்படி இருக்குன்னு எழுதணும், தெரியலை. உங்க எல்லாருக்கும் சுகம்னு நினைச்சுக்கறேன்.

நீ வெட்டி அனுப்பின ரோட்டுத் துண்டுங்க வந்துச்சு. கெட்டியான இடத்துல இருந்து வந்தது கல்லு மாதிரி இருக்கு. நான் கனவுல பார்த்த மாதிரியே இருக்கு! மெத்து இடத்துல இருந்து வந்தது மட்டும் இறுகவே இல்ல. ஒரே எண்ணெய், ஒரே ஜல்லி, ஒரே நாள். கையும் ஓடலை, காலும் ஓடலை. நீ குறிச்சு அனுப்பின படத்தைப் பார்த்தேன். மெத்து இடம் மொத்தம் பதிமூணு. கிட்டத்தட்ட முப்பது மீட்டருக்கு ஒண்ணு. எதுக்கு அப்படி வரிசையா? கெட்டுப்போன எண்ணெய்னா எல்லா இடமும்தானே கெட்டிருக்கணும்?

ஒரு வாரமா மண்டையை உடைச்சுக்கறேன். உதவியாளர் பொண்ணு நேத்து என் எதிர்ல உட்கார்ந்து அழுதா. ஜூன் இருபத்தஞ்சு குழு கூடுது. அன்னைக்குக் காரணம் சொல்ல முடியலைன்னா "தாவர எண்ணெய் சாலைக்குத் தகுதியில்லை"ன்னு எழுதி மூடிடுவாங்க. என் எண்ணெய் மட்டும் இல்ல, இனிமே யார் கேட்டாலும் இந்தக் காகிதத்தைக் காட்டுவாங்க.

அக்கா, மூணாவது தடவை கேட்கறேன். அன்னைக்கு நீ அங்க நின்ன. ஏதாவது பார்த்தியா?

உங்க எல்லாரையும் விசாரிச்சதா சொல்லு.

சின்னு


ஜூன் 11

சின்னு,

அம்மாவும் மாமாவும் நல்லா இருக்காங்க. நான் நல்லா இல்ல. காய்ச்சல் தலைவலின்னு ஒண்ணும் கிடையாது, சோறுதான் இறங்கலை. அஞ்சு வாரமா பதில் எழுதாம இருந்ததுக்கு வேலைப் பளுன்னு மாமா உன்கிட்ட போன்ல சொன்னார். பொய், நான் சொல்லச் சொன்னேன்.

பதிமூணு லாரி, பதிமூணு இடம். ஒவ்வொரு லாரியும் கொட்ட ஆரம்பிச்ச இடம் அது.

காகிதத்துல வராத பழக்கம் கேட்டியே. இருக்கு. கலவை லாரித் தொட்டியில ஒட்டிக்காம வழுக்கிக்கிட்டு விழணும்னு, ஏத்தறதுக்கு முன்னாடி தொட்டி பூரா டீசல் பூசுவாங்க. கூடாதுன்னு விதி இருக்கு, எல்லா பிளான்ட்லயும் பூசறாங்க. தார்னா அந்தச் சூட்டுல டீசல் பெரும்பாலும் ஆவியாப் போயிடும், ஒண்ணும் ஆகாது. மிச்சம் வழிஞ்சு பின்கதவுகிட்ட தேங்கும். லாரி கொட்டறப்ப முதல்ல விழற கலவையில அதுதான் இருக்கும். உன் எண்ணெய்க்குச் சூடு கம்மி. டீசல் போகாது, இறுக விடாது.

தெரியாம நடந்ததுன்னு எழுதிட்டு முடிச்சிருக்கலாம். ரெண்டு தடவை அப்படித்தான் எழுதிக் கிழிச்சேன்.

நீ அனுப்பின டின்னைத் திறந்த அன்னைக்கே ஒரு தகட்டுல உன் எண்ணெயைத் தடவி அது மேல ரெண்டு சொட்டு டீசல் விட்டேன். பக்கத்துல டீசல் இல்லாம ஒரு தகடு. அஞ்சு நாள்ல டீசல் இல்லாதது கண்ணாடி மாதிரி இறுகிடுச்சு, டீசல் விட்டது தொட்டா விரலோட வந்துச்சு. அப்புறம்தான் உனக்கு மார்ச் அஞ்சாம் தேதி கடிதம் எழுதினேன். "ரெண்டு மூணு விதமாப் பார்த்துக்கிட்டிருக்கேன்"னு எழுதினேன். பார்த்தது என்னன்னு எழுதலை.

ரோடு போட்ட அன்னைக்குக் காலையில மீசைக்காரர் டீசல் வாளியோட லாரி மேல ஏறினார். ஏறினவர் நின்னு என்னைக் கேட்டார், "சோதனைக்காரம்மா, இந்த எண்ணெய்க்கும் இதைப் பூசலாமா?" கேட்டார், சின்னு. கேட்காம பூசியிருந்தா நான் இன்னைக்கு எதையாவது சொல்லித் தப்பிச்சிருப்பேன். நான் "எப்பவும் செய்யறதைச் செய்ங்க"ன்னேன். பதிமூணு தடவையும் பக்கத்துலயே நின்னேன்.

ஏன்னு கேட்ப. வயித்தெரிச்சல். வேற பேரு எனக்குத் தெரியலை. நீ பிறந்த வருஷத்துல இருந்து இருக்கறது இல்ல இது. நீ படிக்கப் போனப்பகூட எனக்கு ஒண்ணும் தோணலை. அந்தப் பேட்டியில இருந்துதான். வாணலி தேச்சது நான். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி, இரும்பு நார் வெச்சு, கை எரிய எரிய. "இந்த எண்ணெயை ரோட்டுல போட்டா பத்து வருஷத்துக்குப் பேராது போலிருக்கு"ன்னு சொன்னது நான். நீ பக்கத்துல புஸ்தகத்தை விரிச்சு வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்த. அது உனக்கு ஞாபகம் இல்லைன்னு நினைச்சுக்கறதுக்கு எவ்வளவோ பார்த்தேன். உன்னை யாராவது ஒரு வார்த்தை நல்லதா சொன்னா என் காது ரெண்டும் சூடாகுது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நீ தோத்துட்டு வந்து என் பக்கத்துல உட்காரணும்னு ஆசைப்பட்டேன். தோத்ததுக்கு அப்புறம் உனக்குச் சோறு போட்டு ஆறுதல் சொல்றதுக்குக்கூட மனசுக்குள்ள ஒத்திகை பார்த்தேன்.

இதே விஷயத்தை, வயித்தெரிச்சலை மட்டும் விட்டுட்டு, கையெழுத்துப் போட்டுப் பெரிய இன்ஜினியருக்கும் உங்க குழுவுக்கும் இன்னைக்குப் பதிவுத் தபால்ல அனுப்பிட்டேன். ரெண்டு தகடும் அதோட வருது. தெரிஞ்சே செஞ்சேன்னு எழுதியிருக்கேன். மீசைக்காரர் கேட்டதையும் எழுதியிருக்கேன், அவர் மேல பழி விழக் கூடாது.

உன் உடம்பு எப்படின்னு கேட்க எனக்கு வாய் இல்ல. ஆனாலும் கேட்கறேன்.

அக்கா


ஆகஸ்ட் 2

அக்கா,

உடம்பு எப்படின்னு கேட்டிருந்த. ஜூன்ல மூணு கிலோ இளைச்சேன், இப்ப தேறிட்டேன். உனக்குச் சோறு இறங்குதான்னு மாமாகிட்ட கேட்டேன். இறங்குதுன்னார். எனக்குச் சந்தோஷமா இருந்துச்சா எரிச்சலா இருந்துச்சான்னு சொல்லத் தெரியலை.

ஏழு வாரம் எழுதலை, ஏன்னா எழுதினதெல்லாம் வசவு. ஒண்ணுல உன்னை அக்கான்னு கூப்பிடவே இல்ல. என் உதவியாளர் பொண்ணு அழுதப்ப நீ காரணம் தெரிஞ்சு வெச்சுக்கிட்டு அங்க உட்கார்ந்திருந்த.

குழு உன் காகிதத்தைப் படிச்சாங்க. தகடு ரெண்டையும் கை மாத்தி மாத்திப் பார்த்தாங்க. மூடலை. அதே நானூறு மீட்டரைப் பேர்த்துட்டு அக்டோபர்ல மறுபடி போடச் சொல்லிட்டாங்க. உன்னைச் சோதனையில இருந்து எடுத்து ரெக்கார்டு ரூம்ல போட்டுட்டாங்கன்னு மாமா சொன்னார். லைப்ரரிக்கு நான் போகாம நீ போயிட்ட.

வாணலி விஷயம். ஞாபகம் இருக்கு. நல்லாவே இருக்கு. உன் கை சிவந்திருந்ததுகூட ஞாபகம் இருக்கு. பேட்டி எடுத்தவர் கேட்டப்ப "எங்க அக்கா சொன்னா"ன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன். சொன்னா அது உன்னோடதாயிடும்னு தோணிச்சு. அம்மா பேப்பரைக் கேட்டுட்டு உன்னைப் பார்த்துச் சிரிப்பாங்கன்னு தோணிச்சு. அவங்களோட தினமும் இருக்கறவ நீ, இது ஒண்ணாவது எனக்கு இருக்கட்டும்னு நினைச்சேன். உன் கடிதத்துல நீ கேட்டப்பவும் படிக்காத மாதிரி விட்டேன். நீ செஞ்சதுக்கும் இதுக்கும் சரியாப் போச்சுன்னு நான் சொல்லலை, நீயும் சொல்லாதே.

அக்டோபர் வேலைக்கு மேற்பார்வைக்கு யார் வேணும்னு தலைவர் கேட்டார். உன்னைக் கேட்டேன். என்னைப் பைத்தியத்தைப் பார்க்கற மாதிரி பார்த்தார். நான் சொன்னேன்: "எங்க லேப்ல ஏழு பேர் மூணு வருஷமா இந்த எண்ணெயோட இருக்காங்க, எல்லாரும் என் மேல பிரியமா இருக்கறவங்க, ஒருத்தருக்கும் அது மேல ரெண்டு சொட்டு டீசல் விட்டுப் பார்க்கணும்னு தோணலை. அவ டின்னைத் திறந்த அன்னைக்கே விட்டா." உங்க பெரிய இன்ஜினியரும் கடைசியில ஒத்துக்கிட்டார், ரெண்டு மாசத்துக்கு மட்டும்.

உன்னை மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதே. இன்னும் இல்ல. நானும் வந்து நிக்கப் போறேன், உன் பக்கத்துலயே. புதுக் குறிப்பு இதோட இருக்கு, இருபத்திரண்டு பக்கம். வருவியா மாட்டியான்னு எழுது.

அம்மா கண்ணு எப்படி இருக்கு?

சின்னு


ஆகஸ்ட் 9

சின்னு,

அம்மாவுக்குக் கண்ணு நல்லாத் தெரியுது. மாமாவும் சுகம். எனக்குச் சோறு இறங்குது, சந்தோஷப்படறியோ எரிச்சல் படறியோ உன் இஷ்டம்.

உன் கடிதத்தையும் நான் ஜூன்ல எழுதினதையும் அம்மாவுக்கு ஒரு வரி விடாம படிச்சுக் காட்டினேன். ரெண்டு நாள் என்கிட்ட பேசலை. மூணாம் நாள் சொட்டு மருந்து ஊத்தறப்ப கண்ணை மூடிக்கிட்டே கேட்டாங்க, "அப்ப அந்த வாணலி நீ தேச்சதா?" ஆமாம்னேன். "ரெண்டும் என் வயித்துல வந்து பிறந்ததுங்க பாரு"ன்னாங்க. திட்டினாங்களா கொஞ்சினாங்களான்னு எனக்குப் புரியலை, உனக்குப் புரிஞ்சா எழுது.

வரேன்.

உன் குறிப்புல இதுவரைக்கும் பதினேழு தப்பு இருக்கு. தனித்தாள்ல எழுதி இதோட வெச்சிருக்கேன். டீசலுக்குப் பதிலா சோப்புத் தண்ணி பூசச் சொல்லியிருக்க. அது தேங்கினா என்ன ஆகும்னு பார்த்தியா? நான் நேத்து தகட்டுல போட்டு வெச்சிருக்கேன். ஒன்பதாம் பக்கத்துல ஈரம் ஆகாதுங்கற, பதினாலாம் பக்கத்துல ரோலர் சக்கரத்துக்குத் தண்ணி தெளிக்கச் சொல்ற. இதைப் படிச்சுட்டு உன் ஏழு பேரும் தலையாட்டினாங்களா?

மனசு இன்னும் ஆறலைடி, உள்ளதைச் சொல்றேன். நேத்து டெய்லர் அம்மா "உங்க விஞ்ஞானி எப்படி இருக்காங்க?"ன்னு கேட்டப்பகூட சுருக்குன்னுச்சு. வீட்டுக்கு வந்து உன் இருபத்திரண்டு பக்கத்தையும் மறுபடி எடுத்து வெச்சுக்கிட்டேன். மூணு தடவை படிச்சாச்சு. நாளைக்கு நாலாவது தடவை படிக்கப் போறேன்.

வர்றப்ப தொப்பி எடுத்துக்கிட்டு வா, இங்க வெயில் அதிகம்.

அக்கா